முழக்கோலுக்கு அகப்படாத விலை

கட்டுக்கடங்காத இளம் விலங்கைத் தேர்ந்தவர் கையில் ஒப்படைத்து, சொல்லுக்கு இணங்கும் விலங்காக அதைத் திரும்பப் பெறுவதற்கு மனிதர் தொன்றுதொட்டு விலை கொடுத்து வந்துள்ளனர். குதிரைக்குட்டியைப் பயிற்றுநரிடம் விடும் நாடுகளில் அவ்விலை தீனிச் செலவாகவும் மாதக் கூலியாகவும் கணக்கில் ஏறுகிறது. இலங்கையின் வடபகுதியிலுள்ள வன்னி நிலத்திலோ அது யானையின் பேரால், குடிகளின் உழைப்பாகவும் ஆட்சியாளருக்குச் செலுத்திய திறையாகவும் அளக்கப்பட்டது. அந்த வன்னியில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் முள்ளிவாய்க்கால், உள்நாட்டுப் போர் முடிந்த 2009 க்குப் பின் பேரிழப்பின் பெயராகவே உலகெங்கும் அறியப்படுகின்றது. அந்தத் துயரின் கனத்தைச் சற்றும் குறைக்காமல், அந்நிலப்பரப்பின் பழைய நினைவுகளையும் எடுத்துச் சொல்லவேண்டிய கடமை எழுதுவோர்க்கு உண்டு. யானையைப் பிடித்துப் பழக்கிய பணிக்கரின் கலை அந்நினைவுகளுள் ஒன்று. முல்லைத்தீவின் தென்புறத்துக் குமுளமுனை அக்கலையோடு சேர்த்தே நினைக்கப்படும் ஊராகும்.

பணிக்கன் என்னும் சொல் ஒரு தொழிலில் தேர்ந்தவனைக் குறிப்பது. ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் அது யானையைப் பிடித்து வசப்படுத்துவோர்க்குச் சிறப்பாக வழங்கிற்று. தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் பணிக்கர் இருந்தனர். பெருங்கூட்டத்தை வளைத்து மரவேலிக்குள் ஓட்டி அடைக்கும் முறைக்கு ஊர் திரண்ட ஆட்பலம் வேண்டும். பணிக்கரோ இருவர் மூவராகக் காட்டினுள் சென்று, தடமும் மிதிபட்ட புல்லும் பார்த்துத் தனி யானையைத் தேர்ந்து பின்தொடர்வர். மான்தோலையோ எருமைத்தோலையோ திரித்து முறுக்கிய வார்க்கயிறு ஒன்றே அவர்களின் கருவி. யானை பின்னங்காலைத் தூக்கும் நொடியில் சுருக்கை அதன் அடியில் நழுவவிட்டு, கயிற்றின் மறுநுனியை அருகிலுள்ள மரத்தில் சுற்றிவிடும் அவர்களின் துணிவை, இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளியிட்ட நூலில் வியந்து எழுதியுள்ளார். பிடிக்கும் நொடி கண்ணைக் கவர்வது உண்மையே. ஆயினும் கலையின் ஆழம் அதற்குப் பின் வரும் மாதங்களில்தான் உள்ளது. பிடிப்பதற்குத் துணிவு போதும், பழக்குவதற்குப் பொறுமை வேண்டும்.

பழக்குதலின் முதற்படி, காட்டு யானையின் இருபுறமும் பழகிய யானைகளை நிறுத்துவதாகும். தமிழ்நாட்டில் கும்கி எனப்படும் இந்தப் பழகிய யானைகள் புதியதைத் தாங்கியும் தடுத்தும் நிற்கும். ஒரு வினையைக் கொண்டு மற்றொரு வினையை முடிப்பதற்கு வள்ளுவர் உவமையாக எடுத்துக்கொண்டது இந்த வழக்கத்தையே. கட்டுண்ட யானை முதல் நாள்களில் தீனியைத் தொடாது. மண்ணை வாரி முதுகில் எறியும், கயிற்றை இழுக்கும், இழுத்துச் சலித்து நிற்கும். அது முதல் கவளத்தை எடுக்கும்வரை பாகன் காத்திருப்பான். பின்னர் நீண்ட கோல் ஒன்றை எட்டத்திலிருந்தே நீட்டி, அதன் விலாவையும் முதுகையும் மெல்லத் தேய்ப்பான். தேய்க்கும்போதெல்லாம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ இருப்பான். நாள்தோறும் கோலின் பிடி சிறிது சிறிதாக முன்னே நகர, பாகனுக்கும் யானைக்கும் இடையிலுள்ள தொலைவு குறைந்துகொண்டே வரும். ஒரு நாள் கோல் இருந்த இடத்தில் கை இருக்கும். அந்த மாற்றத்தை யானை திடுக்கிடாமல் ஏற்றுக்கொள்வதே, கல்வியில் முதல் எழுத்தை எழுதியதற்கு ஒப்பாகும்.

மூன்று வாரமளவில் யானையைப் பழகிய யானைகளின் துணையோடு நீராட்டுக்குக் கொண்டுசெல்லலாம் என்றும், இரண்டு மாதமளவில் அத்துணை இன்றியே பாகன் ஏறிச் செலுத்தலாம் என்றும், மூன்று நான்கு மாதத்தில் எளிய வேலைகளில் ஈடுபடுத்தலாம் என்றும் டெனன்ட் குறிப்பிடுகின்றார். நீராட்டு இப்பயிற்சியில் சிறப்பிடம் பெறுவதற்குக் காரணம் உண்டு. நீருக்குள் படுக்கும் யானை, தன் உடலின் மென்மையான பகுதிகளைப் பாகனின் கைக்கு விட்டுக்கொடுக்கின்றது. நம்பிக்கை இன்றி அது நிகழாது. சொற்களைக் கற்பித்தலும் இக்காலத்திலேயே தொடங்கும். கட்டளைச் சொல்லின் பொருளை யானை அகராதியில் தேடுவதில்லை. அதன் ஒலியையும், ஒலிக்கும் குரலையும், உடன் வரும் தொடுகையையும் ஒன்றாகவே அறிகின்றது. பாசறையில் இளைஞர் வடமொழிச் சொற்களைக் கொண்டு யானையைப் பழக்கும் காட்சி முல்லைப்பாட்டில் இடம்பெறுவதிலிருந்து, பாகரின் மொழி ஊர்மொழியினின்று வேறான தனிமொழியாகச் சங்க காலத்திலேயே நிலவியமை புலனாகின்றது.

இக்கலையைச் சுவைக்கத் தெரிந்தவர் பழகிய யானையின் பணிவை வைத்து அதை மதிப்பிடுவதில்லை. அச்சத்தால் பணிந்த யானையும் பணிந்ததாகவே தோன்றும்; ஆனால் அதன் செவிகள் அசையாது நிற்கும், வால் இறுகியிருக்கும், துதிக்கை நுனி காற்றைத் துழாவிக்கொண்டே இருக்கும். நன்கு பழக்கப்பட்ட யானையோ செவியை இடைவிடாது அசைத்துக்கொண்டு, பாகன் பின்புறமாகச் சுற்றி வந்தாலும் திரும்பிப் பாராமல் தீனியில் ஈடுபட்டிருக்கும். கட்டுத்தறியிலிருந்து காலுக்குச் செல்லும் கயிறு தளர்ந்து மண்ணில் கிடப்பதே தேர்ந்த பணிக்கனின் கையெழுத்து. அங்குசம், அதாவது யானையைச் செலுத்தும் வளைந்த முனையுடைய கருவி, அவன் கையில் இருக்கும். அதைக் குறைவாகப் பயன்படுத்துவதே அவனுக்குப் பெருமை. விரைந்து முடிக்க விரும்பியவன் அடியை மிகுதியாக்குவான். அந்த அடியை யானை நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கும். அதன் கேட்டைப் பின்னாளில் வேறொரு பாகன் உயிரால் தீர்க்க நேரிடும். அரைகுறையாகப் பழகிய விலங்கு பழகாததைவிடக் கொடியது என்பதைப் பாகர் மரபு முழுவதும் அறியும்.

இத்தகைய பழக்கத்துக்குச் சந்தை என்ன விலை வைத்தது என்பதை நோக்கும்போது வியப்பே மிஞ்சுகின்றது. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வணிகர் கொஸ்மஸ், இலங்கை அரசன் யானைகளைத் தரையிலிருந்து உயரம் அளந்து, முழத்துக்கு 50 அல்லது 100 பொற்காசு, சில வேளை அதற்கும் மேல் என வாங்கியதாகக் கூறுகின்றார். முழக்கோல் யானையின் உடலை அளந்ததேயன்றி, அதன் கல்வியை அளக்கவில்லை. யாழ்ப்பாணத்தை 1619 இல் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658 இல் அவர்களை அகற்றிய ஒல்லாந்தரும் வன்னியின் குறுநிலத் தலைவர்களாகிய வன்னியரிடமிருந்து யானைகளைத் திறையாகப் பெற்றனர். வன்னிக் காட்டில் பிடிபட்ட யானைகள் களப்பைக் கடந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் செலுத்தப்பட்ட இடம் இன்றும் ஆனையிறவு என்றே வழங்குகின்றது; அவை கப்பலேறிய ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் யானைத்துறை என்னும் பொருளில் அழைத்தமையே, கயிற்ஸ் என்னும் அதன் மறுபெயருக்கு மூலம் என்பர். வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ பசுந்தீனி வேண்டும். வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில், கப்பலும் காற்றும் வாய்க்கும்வரை பல யானைகளை வைத்துத் தீனியிட்டு நீராட்டிப் பழக்குவது எத்தகைய சுமை என்பதை இதிலிருந்தே உய்த்துணரலாம். ஒல்லாந்து ஆட்சியாளர் ஸ்வார்டெக்ரூன் 1697 இல் எழுதிவைத்த யாழ்ப்பாணக் குறிப்பில், வன்னியர் செலுத்தாது விட்ட யானைத் திறையின் நிலுவை பற்றிய முறைப்பாடு காணப்படுகின்றது. திறை பெறுவோருக்கு அது நிலுவைக் கணக்கு. யானைக்குப் பின்னே காட்டில் நடந்தவனுக்கோ ஒவ்வொரு யானையும் உயிரைப் பணயம் வைத்த ஓர் உழைப்பு.

விலையின் இன்னொரு பகுதியை யானையே செலுத்திற்று. கயிறு அறுத்த கால்களின் புண் ஆற நெடுநாள் பிடிக்கும். உடலில் நோயேதும் காணப்படாத யானையும் திடீரெனச் சாய்ந்து இறப்பதுண்டு என்றும், மனம் உடைந்து இறந்ததாகப் பாகர் அதைக் கூறுவர் என்றும் டெனன்ட் பதிந்துள்ளார். ஒரு தொழிலின் கைதேர்ந்தவர்களே அதன் இழப்புக்கு மனமுடைவு என்று பெயரிட்டிருப்பது கருதத்தக்கது. கலையைப் போற்றும் எழுத்து இதை மறைத்துவிட்டுப் போற்றுமாயின், அது பணிக்கரின் உண்மையறிவுக்கும் பொருந்தாது. கொம்பனாயினும், தந்தமற்ற ஆணாகிய அலியனாயினும், கட்டுத்தறிக்கு வந்த ஒவ்வொரு யானையும் தன் கூட்டத்தை இழந்தே வந்தது.

வன்னி மக்கள் இக்கலைக்குத் தந்த நினைவுச்சின்னம் ஒப்பாரியாக அமைந்திருப்பதும் இதனாலேயே இயல்பாகத் தோன்றுகின்றது. வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை, ஆண்கள் தயங்கிய மதயானையை அடக்கிக் கொணர்ந்த கதை குமுளமுனையை ஒட்டி வழங்கி, அவள் இறப்புக்குக் கணவன் அழும் பாடலாக நிலைபெற்றது; ‘வேழம் படுத்த வீராங்கனை’ என்னும் பெயரில் கூத்தாகவும் ஆடப்பட்டது. யானையை வென்ற பெண்ணை நினைவில் வைத்த மரபு, அவளைப் பரணியாகப் பாடாமல் ஒப்பாரியாகப் பாடியுள்ளது. வெற்றியையும் அதற்குக் கொடுத்ததையும் ஒரே மூச்சில் சொல்ல அந்நிலத்துக்கு அவ்வடிவமே ஏற்றதாயிருந்தது.

தொழில் என்ற அளவில் வன்னியில் இக்கலை இன்று இல்லை. தென்னிலங்கையின் பனாமுறையில் 1950 இல் நடந்ததே நாட்டின் இறுதிப் பெரும் யானைப்பிடி. ஆயினும் கலை வேண்டும் காலம் குறையவில்லை என்பதற்குத் தமிழ்நாட்டில் அண்மைச் சான்று உண்டு. கோவைப் புறத்தில் வயல்களுக்குள் வந்த சின்னத்தம்பி என்னும் ஆண்யானை 2019 பெப்ரவரியில் இரண்டாம் முறையாகப் பிடிக்கப்பட்டு, டாப்சிலிப் அருகே வரகளியாறு முகாமில் கரால் எனப்படும் வலிய மரக்கூண்டில் வைத்துப் பழக்கப்பட்டு, அவ்வாண்டு யூனிலேயே வெளியே விடப்பட்டது. மருத்துவரும் மயக்க ஊசியும் ஊர்திகளும் வந்துவிட்ட காலத்திலும் அதற்குச் சென்ற காலம் ஏறத்தாழ நான்கு மாதம். டெனன்ட் எழுதிய கணக்கும் அதுவே. பிடிக்கும் வேலையைப் பொறிகள் சுருக்கிவிட்டன. நம்பிக்கை முளைக்கும் காலத்தை அவற்றால் சுருக்க இயலவில்லை.

ஆகவே இளம் விலங்கைப் பழக்கக் கொடுப்போர் செலுத்தும் தொகையில் பெரும்பங்கு காலத்துக்கே உரியது. ஆசிரியன் கைக்குச் சேரும் கூலி, அவன் அவசரப்படாமல் இருப்பதற்குக் கொடுக்கப்படுவது. அதைக் குறைத்துக் கேட்பவர் அறியாமலே விலங்கின் அச்சத்தை விலைக்கு வாங்குகின்றார். கொஸ்மஸ் கூறிய முழக்கோல் யானையின் தோள்வரை எட்டிற்று. கட்டுத்தறியடியில் தளர்ந்து கிடக்கும் கயிற்றின் விலையைச் சொல்ல வன்னியில் ஒருவனால்தான் முடிந்திருக்கும். கோலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒரு சாண் அருகே நகர்ந்தவன் அவன்.