சொந்த சிம் அவசியம்

வீட்டிலிருந்தே டெலிகாலர் வேலை, பெண்களுக்கு முன்னுரிமை, அனுபவம் தேவையில்லை, சொந்த ஃபோனும் சிம்மும் அவசியம். இந்த விளம்பரம் கண்ணில் படாதவர்கள் இன்று குறைவு. ப்ளாட், பர்சனல் லோன், கோச்சிங் வகுப்பு என எதை விற்பவரும் இப்படித்தான் ஆள் தேடுகிறார். கைக்குழந்தையோடு சம்பாதிக்கலாம், பஸ் நெரிசல் இல்லை, ஹாஸ்டல் வாடகை இல்லை என்று இதைப் பெண் விடுதலையாகவே மெச்சி எழுதுவதும் வழக்கமாகிவிட்டது.

அதெல்லாம் உண்மைதான். திருப்பத்தூரில் இருப்பவர் ஓஎம்ஆர் பக்கம் வராமலே நாலு காசு பார்ப்பது சின்ன விஷயமல்ல.

மெச்சுபவர்கள் தவறாமல் ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். ஷாங்காயில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் ஒன்பது மாதம் நடத்திய பரிசோதனை அது, 2015இல் வெளியானது. வீட்டிலிருந்து உழைத்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போவோர் பாதியாகக் குறைந்தனர். மேற்கோள் இத்துடன் நின்றுவிடும். அந்த 13இல் 9, இடைவேளையும் விடுப்பும் குறைந்து கூடுதல் நேரம் உழைத்ததால் வந்தது. பரிசோதனை முடிந்ததும் ஏறத்தாழப் பாதிப் பேர், தனிமை தாங்காமல், அலுவலகத்துக்கே திரும்பினார்கள்.

அதைவிட முக்கியமானது வேறு. வீட்டில் தனி அறை உள்ளவரைத்தான் சிட்ரிப் சேர்த்தது. அலுவலகத்தில் இருந்த அதே கருவிகளைக் கொடுத்தது. அழைப்புகளை நிறுவனத்தின் சர்வர்தான் பிரித்தனுப்பியது. சம்பள முறையும் மாறவில்லை. மாறியது இடம் மட்டும். விளம்பரம் பார்த்துச் சேரும் நம் டெலிகாலருக்கு இதில் எது கிடைக்கிறது? கரண்ட் பில், ரீசார்ஜ், ஹெட்செட் எல்லாம் அவர் செலவு. வருமானத்தின் பெரும்பகுதி டார்கெட்டைத் தொட்டால் வரும் இன்சென்டிவ். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த சிம்.

விற்பனை அழைப்புக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி 140இல் தொடங்கும் தனி எண் வரிசை உண்டு. அதற்கு நிறுவனம் பதிவுசெய்ய வேண்டும். தொந்தரவு வேண்டாம் என்று டிஎன்டியில் சொன்னவர்களை விலக்க வேண்டும். இந்தச் செலவையும் கட்டுப்பாட்டையும் ஒரே தாவலில் தாண்ட வழி, ஒரு பெண்ணின் பத்து இலக்க எண். கூப்பிட வேண்டிய எண்களின் லீட் பட்டியல் வாட்ஸப்பில் வந்து விழும். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, யார் விற்றார்கள் என்பது அவருக்குத் தெரியாது. திட்டு வாங்குவது அவர். எதிர்முனையில் இருப்பவர் 1909க்குப் புகார் செய்தால், அதில் பதிவாவதும் அவருடைய எண்தான். பதிவில்லாமல் விளம்பர அழைப்பு செய்பவரின் எல்லா இணைப்புகளையும் துண்டித்து, இரண்டு ஆண்டு வரை கருப்புப் பட்டியலில் வைக்க 2024 ஆகஸ்டில் டிராய் உத்தரவிட்டது. ஆதார் ஓடிபி, வங்கிக் கணக்கு, கேஸ் புக்கிங், பிள்ளையின் பள்ளிச் செய்தி எல்லாம் அந்த எண்ணில்தானே? கம்பெனி மறுநாளே வேறொரு பெண்ணை வேறொரு எண்ணோடு சேர்த்துக்கொள்ளும்.

ராத்திரி பதினொரு மணிக்குத் திருப்பிக் கூப்பிடுகிறவன் இருக்கிறான். வாட்ஸப் டிபியில் அவர் குழந்தையின் படத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுப்பவன் இருக்கிறான். கால் சென்டர் கட்டடத்தில் இவர்களுக்கு எட்டுவது கம்பெனி எண் மட்டுமே. ஷிஃப்ட் முடிந்தால் அது அங்கேயே கிடக்கும். டீம் லீடரிடம் அழைப்பை மாற்றிவிட்டு நகரவும் முடியும். வீட்டில் அந்தத் தடுப்பு இல்லை.

யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, இரண்டாவது சிம் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். அந்த சிம்மும் அவர் பெயரில்தான் இருக்கும். துண்டிப்பு எல்லா இணைப்புக்கும் பொருந்தும். கட்டாயமில்லை என்ற வாதத்துக்கும் மதிப்பில்லை. வேறு வேலைக்குப் போக வழியில்லாதவரைத்தானே அந்த விளம்பரம் குறிவைக்கிறது?

துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு உட்கார இருக்கை தருவது முதலாளியின் கடமை என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. வீட்டில் உட்கார்ந்து விற்பவருக்கு அவசரமாகத் தேவைப்படுவது கம்பெனி பெயரில் பதிவான எண்ணும், டார்கெட் தவறினாலும் குறையாத அடிப்படைச் சம்பளமும். இந்த இரண்டையும் தர முடியாத கம்பெனிக்கு டெலிகாலர் வைத்துக்கொள்ளத் தகுதியே இல்லை.