சொல்லும் உறவும்: வன்னி ஆவணங்களின் பொருளறிதல் பற்றிய ஒரு நோக்கு

ஓர் ஆவணம் எதைப் பற்றியது என்பதைக் கணினி தானாகவே துணிவதற்கு இன்றுள்ள வழிகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கன. ஒருங்கே பயிலும் சொற்களைக் கணித்துப் பொருளை உய்த்துணர்வது ஒன்று. 2003இல் பிளை, இங், ஜோர்டன் ஆகியோர் வெளியிட்ட முறை இத்தகையது. ஆவணங்களுக்கிடையிலான தொடுப்புகளையும் உடன்வைத்துக் கணிப்பது மற்றது. சாங், பிளை ஆகியோர் 2009இல் முன்வைத்த முறை இவ்வகையினது. வன்னிப் பெருநிலப்பரப்பின் எழுத்துக்களை வகைப்படுத்த இவை எவ்வளவுக்கு உதவும்?

சொற்கணக்கு மட்டும் போதாது என்பது வெளிப்படை. 'வன்னி' நிலத்தையும் மரத்தையும் நெருப்பையும் குறிக்கும். மன்னார், முல்லைத்தீவு, வவுனியா ஆகியன அடங்கிய தேர்தல் மாவட்டத்தின் பெயரும் அதுவே. கிளிநொச்சி அதனுள் அடங்காது. கனகராயன்குளம், புளியங்குளம் என ஊர்களை அடுக்கும் இடப்பெயர்வுக் குறிப்பொன்று, பெயர்களைப் பிரித்தெண்ணும் கணினிக்கு நீர்ப்பாசன அறிக்கையாகத் தோன்றக்கூடும். எழுதியவர் யார், யாருக்கு எழுதினார் என்பன தெரியின் இம்மயக்கம் பெரிதும் நீங்கும்.

இலக்கியத்தைச் சமூக உறவுகளோடு பொருத்திக் காணுமாறு கைலாசபதியும் சிவத்தம்பியும் வற்புறுத்தினர். எனினும் அவர்கள் கருதிய உறவு வரலாற்றினுள் இயங்குவது; கணினி கொள்ளும் உறவோ பதிவில் எஞ்சிய தொடுப்பு மாத்திரமே. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. வெளியீட்டு உறவை முதன்மைப்படுத்தின் அது அவ்வெளியீட்டின் ஏனைய நாவல்களோடு சேரும். வன்னியின் காடும் குளமும் பின்தள்ளப்படும்.

இதனினும் பாரதூரமான சிக்கல் ஒன்றுண்டு. 2008–2009 போரில் மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தபோது ஆவணங்கள் பெருமளவில் அழிந்தன. எனவே எஞ்சிய தாள்களிடையே தொடுப்பு இல்லாமை, உறவு இல்லாமைக்குச் சான்றாகாது. வெளியூர்களிலே பேணப்பட்டவை உறவு மிக்கனவாகத் தோன்ற, வன்னிக் கமக்காரர் ஒருவரின் தனித்த மனு சிதறலாக ஒதுக்கப்படும். அழிவின் விளைவை ஆவணத்தின் இயல்பாகக் கொள்ளும் பிழை இது. அன்றியும், யார் யாரோடு தொடர்புடையவர் என்பதே ஐயத்துக்குக் காரணமாயிருந்த நிலத்தில் உறவுப்படம் தீங்கற்ற கருவியன்று.

ஆகவே எழுதியமை, அச்சிட்டமை, பெற்றமை என உறவின் வகைகள் வேறுபடுத்தப்படல் வேண்டும். உயிரோடுள்ளோரின் பெயர்கள் காக்கப்படல் வேண்டும். கணினி தரும் தலைப்பு ஒரு முன்மொழிவே. அதனை ஏற்கவும் மறுக்கவும் அவ்வூர் மக்களுக்கு உரிமை உண்டென்பதை ஆவணக்காப்பாளர் ஒப்புதல் அவசியமாகும்.