டிசென்றும் மயிற்பொறியும்: தன்மை நோக்குப் பற்றிய ஒரு திறனாய்வு

தன்மை, முன்னிலை, படர்க்கை என இடத்தை மூன்றாக வகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர். பேசுவோன், கேட்போன், பேசப்படுவோன் என்னும் இம்மூவருக்கும் இடையே நிகழும் உறவே மொழியின் உயிர்நிலை எனலாம். அகப்பாடல்களிலே புலவன் தன் குரலிற் பேசுவதில்லை. தலைவியோ, தோழியோ, செவிலியோ, தலைவனோ தன்மை இடத்தில் நின்று, தம் எதிரே நிற்பாரை நோக்கிக் கூறும் கூற்றாகவே பாட்டு அமைகின்றது. இங்ஙனம் தன்மைக் கூற்றை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பயின்று வந்த மொழியினர், தன்மை நோக்கினையே ஆதாரமாகக் கொண்டு அண்மைக் காலத்தில் எழுந்த ஒரு புதிய கலைவடிவத்தை மதிப்பிடத் தகுதியுடையர். கணினி விளையாட்டே அவ்வடிவம். அதனுள்ளும், ஆடுவோனை விண்கலத்தின் ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, கண்முன் தோன்றும் பகையைச் சுடுமாறு பணிக்கும் விளையாட்டுக்கள் ஒரு தனி இனம். அவ்வினத்தின் சிறந்த படைப்புக்களில் ஒன்றாகிய 'டிசென்ற்' என்பதனை எடுத்து, அதன் ஆற்றலையும் குறையையும் நம் இலக்கியக் கண்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாறு

விண்போர் விளையாட்டு 1962 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான 'ஸ்பேஸ்வோர்' என்பதனோடு பெயர்பெறத் தொடங்கிற்று. அதன்கண் இரு கலங்கள் திரையிலே சுழன்று பொருதன. ஆடுவோர், சதுரங்கப் பலகையைக் குனிந்து நோக்குவார் போன்று, வெளியே இருந்து அவற்றை நோக்கினர். 1979 இல் அற்றாரி நிறுவனத்தில் உருவான 'ஸ்ரார் றைடர்ஸ்' ஆடுவோனைக் கலத்தினுள்ளே இருத்திற்று. திரை அப்பொழுது கலத்தின் சாளரமாயிற்று. 1984 இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'எலீற்' வெறும் கோடுகளாலேயே விண்வெளியின் பரப்பை உணர்த்தியது. 1993 இல் வந்த 'டூம்' ஆடுவோனை நிலத்திலே கால் ஊன்றி அடைபட்ட கூடங்களினூடே நடக்கச் செய்தது. விண்கலத்தின் பறத்தலையும், அடைபட்ட கூடத்தின் அச்சத்தையும் ஒருங்கு சேர்த்ததே 1995 இல் வெளியான டிசென்ற். பரலக்ஸ் என்னும் சிறு நிறுவனத்தார் ஆக்க, இன்ரர்பிளே நிறுவனத்தார் வெளியிட்டனர். இறங்குதல் என்பதே அப்பெயரின் பொருள்.

அதே 1995 ஆம் ஆண்டின் இறுதியிலே யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். அவருள் மிகப்பலர் பின்னர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிப் பெருநிலத்தை அடைந்தனர் என்பதை நம்மவர் மறவார். வன்னியிலே அக்காலத்தில் பொது மின்விநியோகம் இல்லை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. ஒரே ஆண்டில், உலகின் ஒரு பகுதியார் சுரங்கத்துள் இறங்குதலை விளையாட்டாகப் பயின்றனர். மற்றொரு பகுதியார் நிலத்தைத் தோண்டி உள்ளே இறங்குதலை உயிர்காக்கும் வழியாகப் பயின்றனர். இம்முரணை மனங்கொண்டே இவ்விளையாட்டை நாம் அணுகல் வேண்டும்.

அமைப்பின் சிறப்பு

டிசென்றின் கதை சுருக்கமானது. ஞாயிற்றுக் குடும்பத்துக் கோள்களிலே கனிமம் அகழும் ஒரு பெருங் கம்பனியின் சுரங்கங்களில், வேலை செய்து வந்த ரோபோக்கள் ஒரு நச்சுநிரலால் பீடிக்கப்பட்டு மனிதரை எதிர்க்கின்றன. கம்பனி கூலிக்கு அமர்த்திய ஒரு வீரன், பைரோ என்னும் சிறு கலத்திலேறி ஒவ்வொரு சுரங்கமாக இறங்குகின்றான். சந்திரனிலே தொடங்கி, புளூட்டோ, அதன் துணைக்கோளாகிய சாரோன் வரை 27 கட்டங்களும், மறைவான கட்டங்கள் மூன்றும் உள. நீலம், மஞ்சள், சிவப்பு என்னும் திறப்புக்களைத் தேடி எடுத்துக் கதவுகளைத் திறத்தல், சிறைப்பட்ட தொழிலாளரை மீட்டல், சுரங்கத்தின் அணுவுலையைத் தகர்த்தல், அது வெடித்துச் சிதறுமுன் வாயிலைக் கண்டு வெளியேறுதல் என்பன பெரும்பாலான கட்டங்களிலும் அவன் ஆற்றவேண்டிய பணிகளாம்.

இதன் தனிச்சிறப்பு இயக்கத்தில் உள்ளது. முன் பின், வலம் இடம், மேல் கீழ் எனக் கலம் மூவகையாகப் பெயரும். மூக்கை ஏற்றியும் இறக்கியும், இருபுறமும் திரும்பியும், தன் அச்சிலே உருண்டும் மூவகையாகச் சுழலும். இவ்வாறு வகை இயக்கமும் ஆடுவோன் கைவசமானவை. ஆதலின் அச்சுரங்கத்திலே தரை என்றும் கூரை என்றும் நிலையாக ஒன்றில்லை. சற்றுமுன் தரையாக இருந்தது ஒரு சுழற்சியில் சுவராகும். கிணறாகத் தோன்றியது நெடுஞ்சாலையாகும். பலர் தலைசுற்றி விளையாட்டை விடுத்ததும் உண்டு. ஆயினும் பொறுமையோடு பயில்வார்க்கு, திசை என்பது பொருளின் இயல்பன்று, நிற்பவனின் நிலையைச் சார்ந்தது என்னும் உண்மை நூலறிவாக அன்றி உடலறிவாகவே வாய்க்கின்றது. கேத்திரகணிதம் கற்பிக்கும் ஆசிரியர் கரும்பலகையில் அரிதின் உணர்த்துவதை இவ்விளையாட்டு எளிதின் உணர்த்துகின்றது. வழி தவறியவனுக்கு உதவும் கோட்டுப் படமும் முப்பரிமாணத்தில் அமைந்து, எப்புறமும் திருப்பிப் பார்த்தற்கு உரியதாய் உள்ளது.

இறங்குதல் எளிது, மீளுதல் அரிது என்னும் நாடக அமைதியும் போற்றத்தக்கதே. அணுவுலை தகர்ந்த கணத்தில் ஆடுவோனது வெற்றியே அவனுக்குப் பகையாகின்றது. அதுவரை கொல்லுதற்குப் பயன்பட்ட திறன் இனிப் பயன்படாது. வந்த வழியை நினைவில் வைத்திருந்தானா என்பதே வினாவாகின்றது.

குறை

எனினும், இவ்விளையாட்டின் தன்மை இடம் ஊமையானது. அகப்பாட்டின் தலைவிக்குத் தோழி உண்டு. தோழிக்குத் தலைவன் உண்டு. கேட்போர் இருத்தலினாலேயே அவர் தன்மை நிறைவு பெறுகின்றது. டிசென்றின் வீரன் எவரோடும் பேசான். அவனோடு பேசுவது கூலி கொடுக்கும் கம்பனியின் கட்டளை ஒன்றே. எதிர்ப்படுவன யாவும் சுடப்படுதற்குரிய படர்க்கைப் பொருள்கள். அவையும் முன்பு அதே சுரங்கத்தில் உழைத்த கருவிகள் என்பதை எண்ணுதற்கு அவனுக்கு நேரம் இல்லை.

இதனினும் பெரிய குறை சிறைப்பட்டோர் நிலை. அவர்க்குப் பெயரில்லை, சொல்லில்லை. கலம் அவர்மேற் பட்ட அளவில் கணக்கில் ஓர் எண் கூடும். ஆடுவோனின் கலம் அழிந்தால் ஏற்றிய அனைவரும் அத்துடன் இழக்கப்படுவர். அவரை ஒருவரையும் மீட்காது அணுவுலையைத் தகர்த்து வெளியேறினும் கட்டம் வென்றதாகவே கொள்ளப்படும். குறைவது மேலதிகப் புள்ளி மட்டுமே. மனிதரை மீட்டல் இங்கே கடமை அன்று, ஊதியத்தின் மேல் வரும் சன்மானம். மீட்கப்படாதோர் உள்ளே இருக்கவே சுரங்கம் வெடிக்கின்றது. வீரனோ ஒளிமிக்க வாயிலினூடே புறத்தே பாய்ந்து அடுத்த கோளை நோக்கிச் செல்கின்றான். படைத்தோர் இதைத் தீய எண்ணத்தோடு அமைத்தனர் என யாம் கூறவில்லை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து உலகை நோக்குமாறு அமைந்த ஒரு கலைவடிவம், கவனிப்பாரற்றுத் தன்போக்கிற் சென்றால் எங்கே சென்று சேரும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

தமிழிற் பறத்தல்

நம் காப்பியங்களிலும் வானூர்திகள் உள. அவற்றை ஈண்டு ஒப்புநோக்குதல் தகும்.

திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணியிலே, அமைச்சன் கட்டியங்காரனால் ஆபத்து நேரும் என்பதை உணர்ந்த சச்சந்தன் மயில்வடிவான பொறி ஒன்றைச் செய்விக்கின்றான். அதனை இயக்கும் முறையை அரசி விசயைக்குக் கற்பிக்கின்றான். வலப்புறம் திருக மேலெழுவதும், இடப்புறம் திருகக் கீழிறங்குவதும் அதன் இயல்பு. கருவுற்ற விசயை தானே அதனை ஓட்டிப் போர்சூழ்ந்த நகரை நீங்குகின்றாள். பகைவனின் வெற்றிமுரசு செவியிற்பட, கணவன் மாண்டமை உணர்ந்து மயங்குகின்றாள். பொறி சுடுகாட்டில் இறங்குகின்றது. அங்கே சீவகன் பிறக்கின்றான். ஓட்டுநரின் தன்மை நோக்கு இங்கும் உண்டு. ஆனால் அவ்வோட்டுநர் ஆயுதம் அற்றவர்; கணக்கில் எண்ணாக அன்றித் தன் வயிற்றில் உயிராக ஒருவனைச் சுமப்பவர். அவனைக் காத்தலே அப்பயணத்தின் முழு நோக்கமும் ஆகும். மீட்பு இங்கே மேலதிகம் அன்று; அதுவே கதை.

கம்பன் காட்டும் விமானம் இருமுறை சீதையைச் சுமக்கின்றது. போர் முடிந்தபின் இராமன் அதிலிருந்து கடந்த இடங்களைக் காட்டி மகிழ்விக்கின்றான். அதற்கு முன்னரோ, களங்காண் படலத்திலே, வீழ்ந்து கிடக்கும் இராமனைக் காணுமாறு அரக்கர் அவளை விமானத்தில் ஏற்றுகின்றனர். மேலிருந்து காண்டல் ஒருகால் இன்பமாகவும், ஒருகால் வதையாகவும் ஆதலை ஒரே காப்பியத்தில் வைத்தமை கம்பனின் நுட்பம்.

இளங்கோவடிகள் இவ்விருவரினும் வேறுபட்ட இடத்தில் நிற்கின்றார். கண்ணகி கோவலனோடு வானேகிய காட்சியை அவர் வானூர்தியின் உள்ளிருந்து காட்டினாரல்லர். வேங்கை நிழலில் நின்றாளைக் கண்ட மலைக்குறவர், நிலத்தில் நின்று அண்ணாந்து கண்டு, செங்குட்டுவனிடம் சென்று உரைக்கின்றனர். வானில் நிகழ்ந்ததற்குச் சாட்சி கீழே நிற்கும் எளியவரே. தண்ணீரூற்றுக்கும் முள்ளியவளைக்கும் அணித்தாய் வற்றாப்பளையிலே கண்ணகை அம்மனுக்கு ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கல் நிகழ்கின்றது. முல்லைத்தீவுப் பகுதியிலே கோவலன் கூத்தும் ஆடப்பட்டு வந்துள்ளது. ஆதலின், இச்சாட்சி மரபு நமக்கு ஏட்டளவில் நின்றதொன்றன்று.

கீழிருந்து காண்போர்

வன்னி மக்கள் வானத்தை அறிந்த முறையும் கீழிருந்தே அமைந்தது. போர் நிகழ்ந்த ஆண்டுகளில், 2009 மே மாதத்தில் அது முடிவுறும் வரை, 'கிபிர்' என்று சிறுபிள்ளைகளும் பெயர் சொல்லி அறிந்த போர்விமானங்களின் ஒலியைக் கேட்டதும், 'பங்கர்' என்று வழங்கிய பதுங்குகுழிக்குள் குடும்பங்கள் இறங்கின. அவர் இறங்கிய சுரங்கத்துக்கு ஒரு வாயிலே இருந்தது. திறப்புக்களும் படமும் இல்லை. இம்மக்களின் அநுபவத்தில் நின்று டிசென்றை நோக்குவோர், வீரனின் கண்ணினாற் காண்பதோடு அமையார். மூலையில் வாய்பேசாது காத்திருக்கும் சிறைப்பட்டோரின் கண்ணினாலும் காண்பர். கலம் வருமா, வந்தாலும் நிற்குமா என்பதே அவர் வினா. அவ்வினாவை அவ்விளையாட்டு எழுப்புகின்றது. விடை கூறாது செல்கின்றது.

'விளையாட்டு விளையாட்டேயன்றோ, அதனிடம் அறம் தேடுவானேன்?' என்பார் உளர். ரோபோக்களைச் சுடுவதால் எவர்க்கும் ஊறு இல்லை என்பதும், கைவிரைவும் இடவறிவும் வளர்கின்றன என்பதும் உண்மையே. இவ்விளையாட்டை ஆடியோர் கொடியராயினர் என்பதும் எமது கருத்தன்று. ஆனால் கூத்தும் ஆட்டமே. கண்ணகியின் வழக்கு அரசவையில் வெல்லுதல் நியாயம் எனக் கூத்துப் பார்த்தோர்க்கு எவரும் தனியே பாடம் கூறியதில்லை. ஆட்டத்தின் அமைப்பே அதனைக் கற்பித்தது. எதற்குப் புள்ளி, எதற்குத் தண்டனை, எது இன்றியும் வெற்றி கூடும் என வகுப்பதே விளையாட்டின் அமைப்பு. அஃது ஆடுவோன் அறியாமலே அவனுக்கு ஓர் உலகநோக்கை வழங்குகின்றது.

முடிவுரை

டிசென்ற் கலைத்திறன் மிக்க ஒரு படைப்பு. மனிதக் கண்ணுக்குப் புதியதொரு வெளியைத் திறந்தது. மேலும் கீழும் அற்ற ஓர் உலகைப் பழக்கிற்று. அவ்வுலகில் மனிதருக்கு உரிய இடத்தை மட்டும் அது வகுக்கவில்லை. நம் பாடசாலைகளிலே இன்று தகவல் தொழில்நுட்பம் ஒரு பாடம். நிரல் எழுதவல்ல மாணவர் வன்னியிலும் உளர். அவர் நாளை ஒரு விண்கல விளையாட்டை ஆக்குவராயின், விதி ஒன்றை மாற்றினாற் போதும்: உள்ளிருப்போர் அனைவரும் ஏறிய பின்னரே வாயில் திறக்க வேண்டும். சிறைப்பட்டோர்க்கு ஒரு பெயரும் ஒரு சொல்லும் கொடுத்தல் வேண்டும். அவ்வளவில் ஊமையாயிருந்த தன்மைக்கு முன்னிலை ஒன்று வாய்க்கும். விசயை ஓட்டிய மயிற்பொறியின் வழியிலே அக்கலமும் செல்லும்.