மனவடு உணர்ந்த பணி: ஒரு திறனாய்வு

வன்முறையாலும் இழப்பாலும் உள்ளத்தில் வடுப்பட்டோர், உதவி நாடிச் செல்லும் இல்லங்களிலேயே மீண்டும் காயப்படுவதுண்டு. கேட்போர் மாறுந்தோறும் தம் துயரக் கதையை முதலிலிருந்து கூற நேர்வதும், காரணம் சொல்லாமல் கதவு தாழிடப்படுவதும் அவர்களுக்குப் பழைய கொடுமையையே நினைவூட்டும். இந்நிலையை மாற்றும் நோக்குடன் அமெரிக்க நடுவணரசின் போதைப்பழக்க, மனநலப் பணிகள் நிர்வாகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி, மனிதநலப் பணியாளரைப் பயிற்றுவிப்போர் அனைவரும் ஆராயத்தக்கது.

மனவடுவின் பரந்த தாக்கத்தை உணர்தல், அறிகுறிகளை இனங்காணல், அவ்வறிவைக் கொள்கையிலும் நடைமுறையிலும் இணைத்தல், மீண்டும் வடுப்படுத்தாதிருத்தல் என்னும் நான்கும் இதன் அடிப்படைகள். பாதுகாப்பு, நம்பகம், ஒத்த துன்பம் உற்றோரின் துணை, கூட்டுறவு, குரலும் தெரிவும் அளித்து வலுவூட்டல், பண்பாடு வரலாறு பால்நிலை ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளல் என ஆறு நெறிகளையும் இது வகுக்கிறது. மருத்துவர் மட்டுமன்றி, நிறுவனத்தின் எல்லா நிலையினரும் மனவடுவைப் பற்றி அறிந்திருக்க வேண்டும் என்கிறது. அவ்வாறாயின் வாயிற்காவலரும் சமையற்காரரும் இதில் அடங்குவர். இது வழிகாட்டியின் பெருஞ்சிறப்பு என்போம்.

எனினும், ஒரு குறையை நாம் சுட்டாதிருத்தல் இயலாது. தலைமை, கொள்கை, கட்டடச் சூழல், நிதி முதலிய பத்துத் துறைகளில் மாற்றம் வேண்டும் என்று இந்நூல் கூறுகிறது. பணியாளர் பயிற்சி அப்பத்தில் ஒன்றே. ஆனால் அவற்றை நிரல்படக் கூறுமளவிற்கு, எதனை விட்டால் ஏனையவை பயனற்றுப்போம் என்பதை இது வற்புறுத்தவில்லை. ஆகவே நிறுவனங்கள் எளிதானதும் செலவு குறைந்ததுமான பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்ள இடமேற்படுகிறது. ஒரு நாள் வகுப்பு முடிந்து சான்றிதழும் வழங்கப்படும்; மறுநாள் அதே விதிகள், அதே படிவங்கள், அதே பூட்டிய கதவு. பிறர் வடுவைக் காணக் கற்ற பணியாளர், அதனை ஆற்றும் அதிகாரம் இன்றி நிற்பார்.

மேலும், நாள்தோறும் பிறர் துன்பத்தைக் கேட்போரும் வடுப்படுகின்றனர். பணியாளர் நலனை இந்நூல் மறக்கவில்லை. ஆயினும் தம் மேலாளர் முன் வாய்திறக்க இயலாத பணியாளர், பிறருக்குக் குரல் அளிப்பது எங்ஙனம்? வலுவூட்டல் என்பது மேலிருப்போர் தம் அதிகாரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தலேயாகும். இதனை இந்நூல் இன்னும் துணிவாகக் கூறியிருக்கலாம்.

விடுதிகளையும் இல்லங்களையும் நடத்தும் நமக்கும் இத்திறனாய்வு பொருந்தும். பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்று வினவுமுன், எந்த விதியைத் திருத்த ஆயத்தமாயிருக்கிறோம் என்று நம்மையே வினவுவோமாக.