பெயரில்லாத உழைப்பும் உழைப்பில்லாத பெயரும்: திருகோணமலை நிழற்படங்களைச் சல்லியிலிருந்து நோக்குதல்

பழைய நிழற்படங்கள் ஒரு நகரத்தின் அன்றாட வாழ்வை உள்ளவாறே காட்டுவன என்ற எண்ணம் நம்மிடையே பெருவழக்காகியுள்ளது. திருகோணமலையைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணத்துக்கு வாய்ப்பான படங்கள் பல உள. சுவாமிமலை, பிரட்றிக் கோட்டை, துறைமுகத்தில் நங்கூரமிட்ட போர்க்கப்பல்கள், மரநிழல் படிந்த வீதி ஆகியன மீண்டும் மீண்டும் அச்சேறுகின்றன. பார்ப்போர் அக்காலத்து அமைதியை வியந்து பெருமூச்சு விடுகின்றனர். இவற்றை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்த சல்லி என்னும் மீனவக் கிராமத்தில் நின்று நோக்கினால் யாது புலப்படும் என்பதே ஈண்டு எழும் வினா.

முதலில் அந்த அமைதியை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கண்ணாடித் தகட்டில் இரசாயனக் கலவை பூசி, அது உலருமுன் படம்பிடித்தவர்கள், ஒரு காட்சிக்குப் பல விநாடிகள் ஒளிபுக விடவேண்டியிருந்தது. அசையாதது துலக்கமாக விழுந்தது. அசைந்தது கறையாயிற்று, அல்லது மறைந்தது. இதற்கு முன்னரே, 1838 இல், டகேர் பாரிஸ் நகரத்துப் பெருவீதி ஒன்றைப் படமாக்கியபோது வண்டிகளும் மக்களும் சென்றுகொண்டிருந்த அவ்வீதி வெறிச்சோடியதாகவே பதிவாயிற்று. காலணிக்கு மெருகேற்றுவித்தவண்ணம் நின்ற ஒருவரின் உருவம் எஞ்சியது. மெருகேற்றியவர் மங்கலாகவே தெரிகிறார். ஆகவே பீரங்கியும் கொடிமரமும் துலங்க, சுமை தூக்கி நடந்தவன் கறையாகிப் போனதை ஊரின் அமைதி என்று கொள்வது ஆய்வாகாது.

தொழில்நுட்பம் விரைவுபெற்ற பின்னர் மனிதர் படத்துள் வந்தனர். ஆனால் எவ்வாறு வந்தனர்? 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றப்பட்ட திருகோணமலை, 1957 இல் கடற்படைத்தளம் கையளிக்கப்படும்வரை பிரித்தானியக் கடலாதிக்கத்தின் ஒரு கண்ணியாக இருந்தது. கப்பலில் வந்திறங்கியவரே படத்தின் முதன்மையான நுகர்வோர். 1890 இல் தோன்றிய பிளாற்றே நிறுவனம் போன்றவை வெளியிட்ட அஞ்சலட்டைகள் அவர்களுக்கென உருவானவை. அவற்றில் உள்ளூர் மனிதர் காட்சிப்பொருளாக, ஒரு வகைமாதிரியாக நிற்கின்றனர். 1942 ஏப்பிரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அக்காலப்பகுதியைச் சார்ந்த கடற்படைப் படங்கள் பல இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள. கப்பலுக்குப் பெயருண்டு, அதிகாரிக்குப் பெயரும் பதவியும் உண்டு. நிலக்கரியும் பெட்டியும் சுமந்தவர்கள் 'உள்ளூர்த் தொழிலாளர்' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர்.

இதனைக் கண்டு இப்படங்கள் யாவும் ஏகாதிபத்தியத்தின் பொய்கள் எனத் தள்ளிவிடுவோர் நம் முற்போக்கு வட்டத்திலும் உளர். இது இயந்திரப் பாங்கான வாதம். ஓவியன் வேண்டாததை விட்டுவிடலாம். கமரா அவ்வாறு எளிதில் விடுவதில்லை. போர்க்கப்பலுக்காக எடுத்த படத்தின் ஓரத்தில் கிழிந்த சாரமும், வெறுங்காலும், தோணியைக் கட்டிய கயிற்றின் முடிச்சும் விழுந்துவிடுகின்றன. எடுத்தவன் கருதாத இவ்வோரங்களே நமக்குச் சான்று.

எனினும் சான்று தானே பேசாது. ஒரு பெருந்தொழிற்சாலையின் நிழற்படம் அத்தொழிற்சாலையைப் பற்றி ஏறத்தாழ எதனையும் உணர்த்துவதில்லை என்ற பிரெக்டின் கருத்தை வால்ற்றர் பெஞ்சமின் நிழற்படக்கலை குறித்த தமது 1931 ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்தாண்டார். கரைவலை இழுக்கும் காட்சிக்கு இதனைப் பொருத்திப் பார்க்கலாம். உல்லாசப் பயண விளம்பரங்களுக்கு இக்காட்சி மிகவும் உவப்பானது. வளைந்த முதுகுகளும் நுரைக்கும் அலையும் உள. மடி கரையேறும் கணமும் உண்டு. வலை எவருடையது, தோணி எவருடையது, சம்மாட்டிக்கு எத்தனை பங்கு, இழுத்தவனுக்கு எத்தனை பங்கு, மீன் வராத மாதத்து முற்பணம் எவ்வாறு கழிக்கப்படும் என்பன படத்தில் இல்லை. அழகு முழுமையாக இருக்கும் இடத்தில் உற்பத்தி உறவு முழுமையாக மறைந்திருக்கிறது.

பெஞ்சமினின் அதே கட்டுரையில் இன்னொரு பகுதி நமக்கு மேலும் நெருக்கமானது. 1840 களில் ஸ்கொத்லாந்தின் நியூஹேவன் என்ற மீனவ ஊரில் ஹில், அடம்சன் இருவரும் எடுத்த ஒரு மீன்காரியின் படத்தை அவர் நோக்குகிறார். படமெடுத்தவரின் கலைத்திறனோடு அடங்கிவிடாத ஏதோவொன்று, அங்கு வாழ்ந்த அப்பெண்ணின் பெயரைக் கேட்டு நிற்கிறது என்பது அவர் உணர்ந்தது. அப்பெண்ணின் பெயர் பின்னர் அறியப்பட்டுள்ளது: எலிசபெத் ஜோன்ஸ்ரன் ஹோல். திருகோணமலைப் படங்களின் ஓரத்தில் நிற்போருக்கு இது வாய்க்கவில்லை.

பெயர் அறிந்த படங்கள் வேறிடத்தில் இருந்தன. அவை வீட்டுச் சுவரிலும் தகரப்பெட்டியிலும் இருந்தன. கரையோர ஊரவர் நகரத்து ஸ்ரூடியோவுக்குச் சென்று எடுத்த கலியாணப் படத்தை வீட்டார் ஒவ்வொருவரும் முறைசொல்லி விளக்குவர்: இவர் பெரியப்பா, இவர் மாமி, இந்தப் பிள்ளை பிறகு காய்ச்சலில் போயிற்று. ஆனால் அப்படத்தில் கடல் இல்லை, வலை இல்லை. இரவல் கோட்டும், திரையில் தீட்டிய மாளிகைத் தூணும் உண்டு. உழைப்பை மறந்திருக்க வாங்கிய ஒரு மணிநேரம் அது. இதனைப் போலிப் பகட்டு என ஏளனஞ்செய்வது எளிது. காட்சிப்பொருளாக நிற்க மறுத்த ஒரு தன்மானமும் அதிலுண்டு என்றே நான் கருதுகிறேன். ஆக, அருங்காட்சியகத்துப் படத்தில் உழைப்பு உண்டு, பெயர் இல்லை. வீட்டுப் படத்தில் பெயர் உண்டு, உழைப்பு இல்லை. ஒன்றை மற்றொன்றால் வாசித்தாலன்றி நகரத்தின் அன்றாட வாழ்வு என நாம் பேசுவது பாதியே. அதற்கான வாய்ப்பும் அருகிவிட்டது. 1983 இன் பின்னரான இடப்பெயர்வுகளிலும் 2004 திசெம்பர் 26 இல் வந்த கடற்கோளிலும் இக்கரையோர வீடுகள் இழந்தவற்றுள் தகரப்பெட்டிகளும் அடங்கும்.

முகமும் பெயரும் தொழிலும் ஒருங்கே அமைந்த ஒரு வகைப் படம் மாத்திரம் ஊரெங்கும் உண்டு. அது 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டை. ஒரு பக்கத்தில் முகமும் இலக்கமும். மறுபக்கத்தில் பெயர், பிறந்த இடம், தொழில். உழைப்பாளியைப் பெயரோடும் தொழிலோடும் முதன்முதலாகப் பதிவுசெய்த நிழற்பட ஆவணம், யுத்தகாலத்தில் சோதனைச் சாவடியில் கையுயர்த்தி நீட்டுவதற்கு உரியதாயிற்று. கடலுக்குப் போக அனுமதி கேட்கும்போதும் அதுவே வேண்டப்பட்டது. வேறு படம் எஞ்சாத வீடுகளில், ஒருவர் இறந்தபின் அவ்வட்டையையே ஸ்ரூடியோவிற் கொடுத்துப் பெருப்பிக்கின்றனர். இலக்கத்தை நீக்கி, பின்னணியை நீலமாக்கி, மாலையிடுவதற்கேற்பச் சட்டமிட்டுக் கொடுக்கிறார்கள். தொழில் எழுதப்பட்ட மறுபக்கம் அட்டையோடு பெட்டிக்குள் போய்விடுகிறது.