‘நான்’ என்னும் உயர்திணை: இரு எதிர்கனவு நாவல்களும் இளம் வாசகரும்

முன்னுரை

நிகழ்காலச் சமூகத்தின் குறைகளை வருங்காலத்தில் வைத்துப் பெரிதாக்கிக் காட்டும் புனைகதை வகையினைத் திறனாய்வாளர் டிஸ்டோபியா என வழங்குவர். நல்லுலகக் கனவுக்கு மாறானது என்னும் பொருளில் இக்கட்டுரை அதனை எதிர்கனவு நாவல் எனக் குறிக்கிறது. 1993இல் லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’, 2008இல் சுசான் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ ஆகியன வெளிவந்தபின் இவ்வகை உலகெங்கும் பதின்பருவ வாசகரின் விருப்ப வாசிப்பாயிற்று. அதே 2008இல், புனே நகரில் வாழும் கவிஞர் பிரியா சருக்கை சாப்ரியாவின் ‘ஜெனரேஷன் 14’ என்னும் ஆங்கில நாவல் ஸுபான் பதிப்பகத்தின் வழி வெளிவந்தது. பின்னர் அது ‘குளோன்’ என்ற தலைப்பில் மறுபதிப்புப் பெற்றது. தமிழில் இவ்வகைக்கு முன்னோடியாக விளங்குவது, 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆகும்.

இவ்விரண்டும் இளையோர் நாவல் என்ற அடையாளத்துடன் வெளிவந்தவை அல்ல. எனினும் சுஜாதாவின் தொடரைப் பள்ளி, கல்லூரி மாணவர் பெரிதும் விரும்பிப் படித்தனர். சாப்ரியாவின் நாவலோ இன்று பல்கலைக்கழக அளவிலான இளம் வாசகரை நோக்கி நிற்கிறது. இரண்டிலும் செய்யப்பட்ட உயிர் ஒன்று மையமாக உள்ளது. அவ்வுயிரை மனிதனாகக் கொள்வதா, பொருளாகக் கொள்வதா என முடிவு செய்யும் பொறுப்பு வாசகருக்கு உரியதாகிறது. இம்முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதனைத் தமிழ் இலக்கண மரபின் திணைக் கோட்பாடு கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திணை என்னும் தீர்ப்பு

தொல்காப்பியச் சொல்லதிகாரம் உயர்திணை, அஃறிணை என்னும் பகுப்புடன் தொடங்குகிறது. அங்கு உயர்திணைக்கு அடிப்படையாகக் கூறப்படுவது ‘மக்கட்சுட்டு’ ஆகும். மக்கள் எனக் கருதிச் சுட்டப்படும் பொருளே உயர்திணை என்பது இதன் கருத்து. எனவே திணை என்பது பொருளின் இயல்பை மட்டும் சார்ந்ததன்று. சுட்டுவோன் கருத்தையும் சார்ந்தது எனக் கொள்ள இடமுண்டு. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களால் திணை மயங்கி வருதலை நன்னூலார் வழுவமைதியாக ஏற்றுக்கொள்கிறார். தன் பசுவினை ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவன் கூறுவது உவப்பினால் அமைந்த திணை வழுவமைதிக்கு மரபாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டாகும்.

மனிதத் தன்மையைப் பறிப்பதும் அளிப்பதும் எதிர்கனவு நாவல்களின் அடிப்படைச் சிக்கல். ஆகவே திணைக் கோட்பாடு இந்நாவல்களை வாசிப்பதற்குரிய பொருத்தமான கருவியாக அமைகிறது.

இரண்டெழுத்து மனிதரும் இயந்திர நாயும்

‘என் இனிய இயந்திரா’ 2020களின் தொடக்கத்தில் நிகழ்வதாகக் கற்பனை செய்யப்பட்டது. ஜீவா என்னும் தலைவரின் ஆட்சியில் மக்கள் எண்களால் அடையாளப்படுத்தப்படுகின்றனர். பெயர்கள் இரண்டெழுத்துக்குள் அடங்க வேண்டும். குழந்தை பெறுதற்கும் அரசின் இசைவு வேண்டும். அவ்விசைவு கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் நிலாவின் கணவன் சிபி காணாமற் போகிறான். அவள் இல்லத்தில் பங்குபெற வரும் ரவியுடன் ஜீனோ என்னும் இயந்திர நாயும் வந்து சேர்கிறது.

நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ ஆகிய பெயர்கள் அனைத்தும் இரண்டெழுத்தால் ஆனவை என்பது கருதத்தக்கது. குடிமகள், தலைவர், கிளர்ச்சியாளர், இயந்திரம் ஆகிய அனைவரையும் இச்சட்டம் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறது. பெயரை மட்டும் கொண்டு இவர்களுள் மனிதர் யார், பொருள் யாது எனப் பிரித்தறிய இயலாது. தலைவராகக் காட்டப்படும் ஜீவா உண்மையில் ஒளிப்பிம்பமே எனப் பின்னர் வெளிப்படுகிறது. உயர்திணையின் உச்சியில் இருந்தவன் வெறும் உருவமாகவும், அஃறிணையாக வந்த நாய் அன்பும் அறிவும் உடையதாகவும் மாறிவிடுகின்றனர். நாவலின் ஆற்றல் இத்தலைகீழாக்கத்தில் உள்ளது எனலாம்.

இதனைத் தலைப்பே முன்னறிவிக்கிறது. ‘இயந்திரம்’ என்பது விளியேற்கும்போது ‘இயந்திரமே’ என்றாதல் இயல்பு. அன் ஈற்று உயர்திணைப் பெயரே விளியில் ஆகார ஈறு பெறும் என்பது விளிமரபில் கூறப்படும் விதி. ஆகவே ‘இயந்திரா’ என்னும் விளி, ‘இயந்திரன்’ என்னும் ஆண்பாற் பெயரைத் தனக்கு அடியாகக் கொள்கிறது. கதைக்குள் ஜீனோ பெரும்பாலும் அஃறிணை வினைமுற்றுகளாலேயே சுட்டப்படுகிறது; தலைப்போ அதனை உயர்திணையாக அழைக்கிறது. இலக்கியப் பனுவலில் ஆசிரியர் விட்டுச்செல்லும் இடைவெளிகளை வாசகர் நிரப்புகின்றனர் என்பது வோல்ஃப்காங் ஐசரின் கருத்து. தலைப்புக்கும் கதைக்கும் இடையிலான இந்தத் திணை முரண் அத்தகையதோர் இடைவெளி. நாயினை ‘அவன்’ என்று எண்ணத் தொடங்கும் இளம் வாசகர், நன்னூலார் குறித்த உவப்பின் வழிப்பட்ட வழுவமைதியைத் தாமறியாமலே நிகழ்த்துகின்றனர்.

எனினும் நாவலின் குறையும் இங்கேயே தோன்றுகிறது. வாரந்தோறும் திருப்பத்துடன் முடிய வேண்டிய தொடரின் கட்டாயம், நிலாவினைப் பெரிதும் மீட்கப்பட வேண்டியவளாகவே நிறுத்துகிறது. அவளுக்காக நாய் சிந்திக்கிறது. ‘மீண்டும் ஜீனோ’ என்னும் தொடர்ச்சியில் அவள் அரசியாக இருந்தபோதும் அதிகாரம் பிறர் கையிலேயே உள்ளது. இயந்திரத்துக்கு உயர்திணைத் தகுதி அளித்த நாவல், தன் நாயகிக்கு அதனை முழுமையாக அளிக்கவில்லை.

எண்ணே பெயராகும்போது

சாப்ரியாவின் நாவல் 24ஆம் நூற்றாண்டில் நிகழ்கிறது. உலகச் சமுதாயம் என்னும் ஒற்றை அதிகார அமைப்பில் மூலர், குளோன் எனப் பல படிநிலைகள் உள்ளன. கதை கூறுபவள் 14/54/ஜி என்னும் எண்ணைப் பெயராகக் கொண்ட பதினான்காம் தலைமுறைக் குளோன். நினைவு கொள்ளல் அவளுக்கு விதிக்கப்பட்ட இயல்பன்று. ஆனால் அவளுடைய மூலப் பெண்ணாகிய ஆ-ஆ என்னும் எழுத்தாளரின் நினைவுகளும், இந்திய வரலாற்றின் வெவ்வேறு காலங்களைச் சார்ந்த குரல்களும் அவளுள் வருகைகளாக எழுகின்றன. தான் பிழைபட்டுவிட்டதாக அவள் உணர்கிறாள். அப்பிழையே அவளை மனிதராக்குகிறது.

பெயருக்கு மாற்றாக எண் என்பது இவ்வகையில் புதிதன்று. ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி ஜம்யாத்தின் 1920களின் தொடக்கத்தில் எழுதி, 1924இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘நாம்’ நாவலின் கதைசொல்லி டி-503 என்பவன். பன்மைத் தலைப்பின் கீழ் ஒருமைக் குரல் பேசுவதே அந்நாவலின் முரண். சாப்ரியாவின் குளோனும் தன்மை ஒருமையில் பேசுகிறாள். சுஜாதாவின் ஜீனோவுக்குக் கிட்டாத வாய்ப்பு இது. ஜீனோவைப் பற்றிப் பிறர் கூறக் கேட்கிறோம்; குளோனோ தன்னைத் தானே கூறிக்கொள்கிறாள்.

இவ்வேறுபாட்டின் ஆழத்தைத் தமிழ் இலக்கணம் துலக்குகிறது. தன்மை வினைகளை நன்னூலார் இருதிணைக்கும் பொதுவாக வைத்தார். தொல்காப்பியரோ அவற்றை உயர்திணை வினைகளுடன் சேர்த்தார். தொல்காப்பிய நெறியில் நோக்கின், ‘நான்’ எனக் கூறவல்லது எதுவோ அது அக்கூற்றினாலேயே உயர்திணையில் இடம்பெறுகிறது. நன்னூல் நெறியில் நோக்கின், ‘நான்’ என்பது மட்டும் போதாது; பேசுவது எத்திணை என்பது பிறவற்றால் அறியப்பட வேண்டும். குளோனின் முதற் சொல்லிலேயே அவளை மனிதராக ஏற்கும் வாசகர் தொல்காப்பியரின் பக்கம் நிற்கின்றனர். சான்று வேண்டும் என்று காத்திருப்பவர் நன்னூலாரின் பக்கம் நிற்கின்றனர். நாவலில் அதிகார அமைப்பு கேட்பதும் சான்றுதான். இந்நாவல் தமிழாக்கம் பெறுமாயின், பிறர் அவளைச் சுட்டும் ஒவ்வோரிடத்தும் ‘அது’ என்பதா, ‘அவள்’ என்பதா என்னும் வினாவை மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ள நேரும்.

நினைவைச் சுமப்போர்

மனிதர் மறந்த இலக்கியத்தைச் செய்யப்பட்ட உயிர்கள் சுமப்பது இரு நாவல்களுக்கும் பொதுவான கூறு. ஜீனோ நூல்களைப் படிக்கிறது. குளோன் ஓர் எழுத்தாளரை நினைவுகூர்கிறாள். ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953) நாவலில் மனிதரே நூல்களை மனனம் செய்து காக்கின்றனர். லோரியின் நாவலில் சமூகத்தின் நினைவனைத்தும் ஒரு சிறுவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. இந்திய ஆசிரியர் இருவரும் இப்பொறுப்பினை மனிதரல்லாதவரிடம் அளித்தமை தனித்து நோக்கத்தக்கது.

இதற்கு ஆசிரியர்களின் இலக்கிய ஈடுபாடும் துணைநின்றிருக்கலாம். திருவரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, ஆழ்வார்கள் குறித்து எளிய அறிமுக நூல் எழுதியவர். சாப்ரியா, கவிஞர் ரவி சங்கருடன் இணைந்து ஆண்டாள் பாசுரங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அம்மொழிபெயர்ப்பின் தலைப்பு ஆண்டாளின் பாடல்களை ஒரு தெய்வத்தின் தன்வரலாறு என்கிறது. ஆண்டாளின் தன்மைக் குரலில் ஈடுபட்ட கவிஞர் ஒருவர், எண் மட்டுமே உடைய குளோனுக்கும் அக்குரலை அளித்தது தற்செயல் ஆகாது.

வாசகர் நிலை

இன்றைய இளம் வாசகருக்கு எண் என்பது கற்பனையன்று. ஆதாரின் முதல் எண்கள் 2010 செப்டம்பரில் மகாராட்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்திலுள்ள தெம்ப்லி என்னும் சிற்றூரில் வழங்கப்பட்டன. தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண் பெற்றதனால் ஒருவர் அஃறிணை ஆகிவிடுவதில்லை. ஆனால் எண்ணைக் கேட்கும் இடத்தில் அதற்குரியவர் தன்னைப் பற்றித் தானே பேச இடம் உண்டா என்னும் வினா எழுகிறது. 1980களின் வாசகர் சுஜாதாவின் எண்களை வியப்புடன் கண்டனர். அவர் குறித்த ஆண்டுகளைக் கடந்துவிட்ட இன்றைய வாசகர் அவற்றைத் தம் அனுபவத்துடன் ஒப்பிட்டு வாசிக்கின்றனர்.

வாசிப்பு எளிமையில் சுஜாதா முந்துகிறார். சாப்ரியாவின் நாவல் வரலாற்றறிவையும் பொறுமையையும் கோருகிறது. காலம்விட்டுக் காலம் தாவும் வருகைகள் தொடக்க நிலை வாசகரைத் தயங்கச் செய்யும். எனினும் அத்தயக்கம் பயனற்றதன்று. தனக்கே விளங்காத நினைவுகளுடன் குளோன் படும் திகைப்பினை வாசகரும் ஓரளவு படுகின்றனர்.

முடிவுரை

சுஜாதாவின் நாவல், அன்பினால் இயந்திரத்தை உயர்திணையாக்க வாசகருக்குக் கற்பித்தது. புனேயிலிருந்து வந்த நாவல், ஒருவரை உயர்திணையாக்குவது பிறர் அன்பன்று, அவரது ‘நான்’ என்னும் கூற்றே என நிறுவுகிறது. பிறர் உவப்பினால் பெற்ற திணை, பிறர் சினத்தினால் பறிக்கப்படலாம். நன்னூலார் வழுவமைதிக்குக் கூறும் காரணங்களுள் இவ்விரண்டும் உள்ளன. தாமே கூறிக்கொண்ட திணையைப் பறிப்பது அத்துணை எளிதன்று. ஆகவே இளம் வாசகர் இவ்விரு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்தல் நலம். முதலாவது நாவல் பரிவினையும், இரண்டாவது நாவல் அப்பரிவின் எல்லையையும் உணர்த்தும்.