கூட்டாளி எங்கே?

மீட்கப்பட்ட தெருப்பிள்ளைகளின் படங்களை 'முன்', 'பின்' என்று ஜோடியாகப் போட்டுக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. முதல் படத்தில் சடை பிடித்த தலை, கிழிந்த சட்டை. அடுத்ததில் ஒட்ட வெட்டிய முடி, சீருடை. முகம் தெரிய அப்படி வெளியிடுவது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுக்கே விரோதம். அதைவிட, முடியும் சட்டையும் மாறியதையே பிள்ளை மாறிவிட்டதாக நம்புவதுதான் என்னை உறுத்துகிறது.

மீட்ட பிள்ளைகளுக்குக் குழந்தைகள் இல்லங்கள் தருவது சிறிதல்ல. வேளாவேளைக்குச் சோறு, பயமில்லாத தூக்கம், சிரங்குக்கு மருந்து, பள்ளிக்கூடம். பசையை முகர்ந்து பழகிய பையனுக்கு ரயில் நிலையத்தில் வைத்தியம் கிடைக்காது. அவனுக்காக 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தவர் நல்லதுதான் செய்தார்.

என் மறுப்பு வெகு காலமாக ஒன்றுதான். பிள்ளையைக் கூட்டி வருகிறோம், அவன் கூட்டாளியை விட்டுவிடுகிறோம். பிளாட்பாரத்துப் பிள்ளை தனியாகப் பிழைப்பதில்லை. மூத்தவன் காசைப் பத்திரப்படுத்துவான். காய்ச்சல் வந்தால் இன்னொருவன் டீயும் பன்னும் வாங்கி வருவான். ஒருவன் தூங்க ஒருவன் விழித்திருப்பான். வீட்டை விட்டு ஓடி வந்தவனுக்கு மிஞ்சிய குடும்பம் அது. இல்லத்தில் நுழைந்த அன்றே வயதுவாரியாகப் பிரித்துவிடுகிறோம், சில சமயம் வேறு வேறு இல்லங்களுக்கே. அண்ணன் எங்கே என்று கேட்டால், "அது கெட்ட சகவாசம், மறந்துவிடு" என்கிறோம்.

பெரிய பையன்கள் சின்னவர்களை அடிப்பார்கள், சீண்டுவார்கள், பிரிக்கத்தான் வேண்டும் என்பது பதில். உண்மை, படுக்கையறையைப் பிரியுங்கள். அடிக்கிறவன் யார், காக்கிறவன் யார் என்று சின்னவனைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள். கேட்காமலே எல்லா நட்பையும் வெட்டுவது பாதுகாப்பு அல்ல, சோம்பல்.

அந்த இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகளின்படி எழுதும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில், பிள்ளையின் பற்றுதலுக்கும் உறவுகளுக்கும் தனி இடம் இருக்கிறது. தாய் தகப்பன் பெயரோடு கூட்டாளியின் பெயரும் அங்கே ஏற வேண்டும். அதே சட்டத்தின் 43-ஆம் பிரிவு சொல்லும் திறந்த புகலிடங்கள் குறுகிய காலத் தங்கலுக்கானவை. நண்பர்கள் சேர்ந்தே வந்து நான்கு சுவருக்குப் பழக அவற்றைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

நாம் செய்வதோ வேறு. சுவரேறிக் குதித்து ஓடியவனைப் பற்றி 'தெருப்புத்தி போகவில்லை' என்று முடித்துவிடுகிறோம். அவனைத் தேடிப் போகிறவர்கள் பழைய பிளாட்பாரத்தில் பார்க்கட்டும். அநேகமாக இன்னொருவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். இந்த முறை இருவரையும் அழைத்து வாருங்கள்.